ஆச்சி பிள்ளையைக் குப்புறப் போட்டு உறங்க வைக்கிறார், என்ன செய்ய?

முதலில் உங்கள் கேள்வியைச் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பார்த்துக்கொள்கிறேன். தலைப்பேறு, ஆண் குழந்தை, 50 நாள். பேறுகாலத்துக்கு அம்பாசமுத்திரம் பக்கம் அம்மா வீட்டில் இருக்கிறீர்கள். மல்லாக்கப் போட்டால் பிள்ளை அரை மணிக்கொரு தரம் கையையும் காலையும் உதறி வெருண்டு முழிக்கிறான், பாலைக் கக்குகிறான். உங்கள் ஆச்சி வாங்கிக் குப்புறப் போட்டுத் தட்டிக்கொடுத்தால் மூன்று மணி நேரம் அசந்து உறங்குகிறான். 45ஆம் நாள் ஊசி போடப் போன இடத்தில் நர்ஸ், குப்புறப் போடக் கூடாது என்று சொல்லி அனுப்பினார். அதை வீட்டில் சொன்னால், "நான் அஞ்சு பெத்து வளத்தவ, எனக்குத் தெரியாதா? மல்லாக்கப் போட்டா பொறையேறிரும்லா" என்று ஆச்சி கோபப்படுகிறார். யார் சொல்வது சரி, மூச்சைக் கவனிக்கும் கருவி ஒன்று வாங்கி மாட்டிவிட்டால் குப்புறப் போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். ராத்திரி இரண்டு மணிக்குப் பிள்ளையின் மூக்குக்குக் கீழே விரலை வைத்துப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன் என்று கடைசி வரியில் எழுதியிருக்கிறீர்களே, அதுதான் நிஜக் கேள்வி என்று எனக்குப் படுகிறது. உறக்கத்தில் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிடுமோ, அதைத் தடுக்க என் கையில் என்ன இருக்கிறது என்பது.

நான் மருத்துவர் இல்லை, செவிலியர். திருநெல்வேலிச் சீமையில் அரசு மருத்துவமனைகளில், பெரும்பாலும் பச்சிளம் குழந்தைகள் வார்டில், 27 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். உங்கள் பிள்ளையை நான் பார்க்கவில்லை. நிறைமாதத்தில் பிறந்தானா, பிறந்தபோது எடை என்ன என்றும் நீங்கள் எழுதவில்லை. அதனால் எல்லாப் பிள்ளைக்கும் பொருந்துவதை மட்டும் சொல்கிறேன். உறுதியாகத் தெரிந்தது எது, இன்னும் பேச்சில் இருப்பது எது என்று பிரித்தே சொல்கிறேன்.

உறுதியானது இது. பிள்ளைக்கு ஒரு வயது முடியும் வரை, பகலோ ராத்திரியோ, ஐந்து நிமிட உறக்கமோ ஐந்து மணி நேர உறக்கமோ, மல்லாக்கத்தான் படுக்கப் போட வேண்டும். குப்புறப் போடக் கூடாது. ஒருக்களித்தும் போடக் கூடாது. இதில் குழந்தை மருத்துவர்களுக்குள் இப்போது இரண்டாவது கருத்தே கிடையாது. பால் கக்கும் பிள்ளைக்கும் இதுதான். மூச்சுப்பாதையில் பிறவிக் கோளாறு உள்ள மிகச் சில பிள்ளைகளுக்கு மருத்துவர் வேறு மாதிரி சொல்லலாம். அப்படி இருந்தால் உங்களிடம் முன்பே சொல்லியிருப்பார்கள்.

ஆச்சியின் பயத்தைத் தள்ளிவிடாதீர்கள். அவர் பயப்படுவது புரையேறுவதற்கு. அந்தப் பயம் படித்த மருத்துவர்களுக்கும் இருந்தது. 1950களின் பின்பாதியில் அமெரிக்காவில் பெரும்புகழோடு இருந்த குழந்தை மருத்துவர் பெஞ்சமின் ஸ்பாக், மல்லாக்கப் படுத்த பிள்ளை வாந்தியெடுத்தால் மூச்சு அடைத்துக்கொள்ளும், அதனால் குப்புறப் போடுவது நல்லது என்றுதான் எழுதினார். உங்கள் ஆச்சி சொல்வதேதான். கேட்டால் நியாயமாகத்தான் படும். தொண்டையின் அமைப்பு வேறு மாதிரி இருக்கிறது, அவ்வளவுதான்.

வார்டில் ஆச்சிமாருக்கு இதை விளக்க நான் செய்தது ஒன்று உண்டு, நீங்களும் செய்து பாருங்கள். ஆச்சியின் கையை எடுத்து அவர் தொண்டைக்குழிக்குக் கொஞ்சம் மேலே வைத்துத் தடவச் சொல்லுங்கள். விரலுக்கு அடியில் வளையம் வளையமாகக் கெட்டியாக ஒரு குழாய் தட்டுப்படும். அதுதான் மூச்சுக்குழாய். சோறு இறங்குகிற குழாய் தட்டுப்படாது, ஏனென்றால் அது இதற்குப் பின்னால், கழுத்தெலும்பை ஒட்டி இருக்கிறது. இப்போது கேளுங்கள்: பிள்ளை மல்லாக்கப் படுத்தால் இரண்டில் எது மேலே இருக்கும்? மூச்சுக்குழாய் மேலே, உணவுக்குழாய் கீழே. கக்கின பால் கீழே இருக்கிற குழாயிலிருந்து மேலே ஏறித்தான் மூச்சுக்குழாய்க்குள் போக வேண்டும். அதற்குள் பிள்ளை விழுங்கிவிடும், இல்லையென்றால் கடைவாய் வழியாக ஒழுகிவிடும். குப்புறப் போட்டால்? உணவுக்குழாய் மேலே, மூச்சுக்குழாய் கீழே. கக்கின பால் நேராக மூச்சுக்குழாய் வாயில்தான் வந்து நிற்கும். களக்காட்டுப் பக்கத்து ஆச்சி ஒருவர் தன் கழுத்தைத் தடவிக்கொண்டே கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்போ இத்தன வருசமும் தலகீழால்லா நெனச்சிருக்கோம்" என்றார். மேற்கு நாடுகளில் லட்சக்கணக்கான பிள்ளைகளை மல்லாக்கத் திருப்பிய பிறகு புரையேறி இறந்த பிள்ளைகளின் எண்ணிக்கை கூடவில்லை. அதையும் எண்ணிப் பார்த்துத்தான் சொல்கிறார்கள்.

அடுத்தது அந்த மூன்று மணி நேர உறக்கம். குப்புறப் போட்டால் பிள்ளை நன்றாக உறங்கும் என்று ஆச்சி சொல்வது முழு உண்மை. ஆராய்ந்தவர்களும் அதையே கண்டார்கள்: குப்புறக் கிடக்கும் பிள்ளை ஆழ்ந்து உறங்குகிறது, எளிதில் முழிப்பதில்லை. வினையே அதில்தான் இருக்கிறது. மூக்குக்கு முன்னால் துணி வந்துவிட்டாலோ, தான் விட்ட மூச்சுக்காற்றையே மறுபடி இழுக்க நேர்ந்தாலோ, உடம்பு சூடேறினாலோ, பிள்ளையின் மூளை "முழி, தலையைத் திருப்பு, அழு" என்று எழுப்ப வேண்டும். பிள்ளைக்கு இயற்கை கொடுத்த காவல் அந்த முழிப்புதான். குப்புறக் கிடக்கும்போது அந்தக் காவல் மந்தமாகிறது. உங்கள் பிள்ளை அரை மணிக்கொரு தரம் முழிப்பது உங்களுக்குத் தொந்தரவுதான், எனக்குத் தெரியும். ஆனால் 50 நாள் பிள்ளை லேசாக உறங்கி அடிக்கடி முழிப்பது நோயும் இல்லை, குறையும் இல்லை.

நன்றாக இருந்த பிள்ளை உறக்கத்திலேயே இறந்துபோய், பிரேதப் பரிசோதனை செய்தும், இறந்த இடத்தைப் பார்த்தும், பழைய நோய்களை விசாரித்தும் காரணம் எதுவும் பிடிபடாவிட்டால் அதைத் திடீர் சிசு மரணம் என்கிறார்கள், ஆங்கிலச் சுருக்கத்தில் சிட்ஸ். இரண்டாவது மாதத்திலிருந்து நான்காவது மாதம் வரைதான் இது அதிகம். பத்தில் ஒன்பது ஆறு மாதத்துக்குள் நடந்துவிடுகிறது. ஏன் நடக்கிறது என்பதற்கு முடிந்த முடிவு இன்னும் இல்லை. 1994இல் அமெரிக்க ஆய்வாளர்கள் ஃபிலியானோவும் ஹன்னா கின்னியும் சொன்ன விளக்கத்தைப் பெரும்பாலோர் ஏற்றுக்கொள்கிறார்கள். மூன்று சேர வேண்டும் என்றார்கள்: வெளியே தெரியாத ஏதோ ஒரு பலவீனம் உள்ள பிள்ளை, உடம்பு வேகமாக மாறுகிற அந்த முதல் ஆறு மாதம், குப்புறப் படுக்கை போல வெளியிலிருந்து வரும் ஒரு நெருக்கடி. கின்னியின் குழு இப்படி இறந்த பல பிள்ளைகளின் மூளைத்தண்டில், முழிப்பையும் மூச்சையும் பார்த்துக்கொள்ளும் பகுதியில், மாறுதல்களைக் கண்டது. எந்தப் பிள்ளைக்கு அந்தப் பலவீனம் இருக்கிறது என்று முன்கூட்டியே சொல்ல இன்றைக்கும் ஒரு பரிசோதனை கிடையாது. 2022இல் ஆஸ்திரேலியாவில் ஒரு நொதியைக் கண்டுபிடித்துவிட்டார்கள், சிட்ஸ் மர்மம் தீர்ந்தது என்று வாட்ஸப்பில் ஒரு செய்தி சுற்றியது. அது சிறிய ஆய்வு, சோதனையாக எந்த மருத்துவமனைக்கும் வரவில்லை. பிள்ளையின் உள்ளே இருப்பதும் வயதும் நம் கையில் இல்லை. வெளியே இருப்பது மட்டும்தான் நம் கையில்.

வெளியே இருப்பதை மாற்றினால் என்ன ஆகும் என்பதற்குத்தான் பெரிய சாட்சி இருக்கிறது. நெதர்லாந்தில் 1970களில் குப்புறப் போடச் சொன்னார்கள், இந்த இறப்பு கூடியது. 1987இல் வேண்டாம் என்றார்கள், குறைந்தது. நியூசிலாந்தில் ஆயிரம் பிள்ளைக்கு நான்கு என்ற அளவுக்கு மோசமாக இருந்தது. அங்கே நடந்த ஆய்வுக்குப் பிறகு 1991இல் பிரசாரம் தொடங்கியதும் சரிந்தது. அதே 1991இல் இங்கிலாந்துத் தொலைக்காட்சியில் ஆன் டயமண்ட் என்ற அறிவிப்பாளர் தன் நான்கு மாதப் பிள்ளையை இப்படிப் பறிகொடுத்தார். நியூசிலாந்துக்கே போய் விசாரித்துவிட்டு வந்து, அரசாங்கத்தைப் பேச வைத்தார். ஓரிரு ஆண்டுகளில் இங்கிலாந்தில் இறப்பு பாதிக்கும் கீழே போனது. அமெரிக்காவில் 1992இல் பத்துப் பிள்ளையில் ஏழு குப்புறத்தான் உறங்கியது. 1994இல் மல்லாக்கப் போடுங்கள் என்று நாடு முழுக்கச் சொன்னார்கள், பத்தே ஆண்டில் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. புது மருந்து கிடையாது, ஊசி கிடையாது. பிள்ளையைத் திருப்பிப் போட்டார்கள், அவ்வளவுதான். 2005இல் லண்டனில் ரூத் கில்பர்ட்டும் அவரோடு சேர்ந்தவர்களும் பழைய ஆய்வுகளை எல்லாம் தோண்டிப் பார்த்தார்கள். 1970லேயே இதைச் சொல்லப் போதுமான ஆதாரம் இருந்தது, அப்போதே சொல்லியிருந்தால் பிரிட்டனில் மட்டும் 10,000 பிள்ளைகளுக்கு மேல் பிழைத்திருக்கலாம் என்று எழுதினார்கள். அதைப் படித்த அன்று எனக்கு உறக்கம் வரவில்லை. பயிற்சிக் காலத்தில் எங்களுக்கு ஒருக்களித்துப் போட்டு முதுகுக்குத் துண்டைச் சுருட்டி வைக்கத்தான் சொல்லிக்கொடுத்தார்கள். நானும் எத்தனையோ தாய்மாருக்கு அப்படியே சொல்லி அனுப்பியிருக்கிறேன். ஒருக்களித்த பிள்ளை உறக்கத்தில் எளிதாகக் குப்புறச் சரிந்துவிடும். அதனால் அதுவும் வேண்டாம் என்று பிறகுதான் வந்தது. நேற்று வேறு சொன்னீர்களே என்று ஆச்சிமார் கேட்டால் அந்தக் கேள்வி நியாயம்தான். ஆமாம், மாறியிருக்கிறது. எண்ணிப் பார்த்ததால் மாறியிருக்கிறது.

"அஞ்சு பெத்து வளத்தேன், ஒண்ணுக்கும் ஒண்ணும் ஆகலையே" என்பதற்கு வருகிறேன். மிக மோசமாக இருந்த நாட்டிலேயே ஆயிரத்துக்கு நான்கு என்றால், மீதி 996 பிள்ளைகள் நன்றாகத்தானே வளர்ந்தன? ஒரு வீட்டிலோ ஒரு தெருவிலோ இருந்து பார்த்தால் இது கண்ணுக்குத் தெரியவே தெரியாது. லட்சம் பிள்ளையை எண்ணினால்தான் தெரியும். ஆச்சி பொய் சொல்லவில்லை, அவர் பார்த்தது அவ்வளவு. இன்னொன்றும் கேட்டுப் பாருங்கள்: அந்த ஐந்து பிள்ளைகளையும் எதில் உறங்க வைத்தீர்கள்? நம் பக்கத்தில் "தொட்டில்லதான்" என்ற பதில்தான் வரும். சேலைத் தொட்டிலில் பிள்ளையைக் குப்புறப் போட முடியாதே! நான் கேட்ட ஆச்சிமாரில் பாதிப்பேர் இந்த இடத்தில் யோசித்து, ஆமா, பகலில் மல்லாக்கத்தான் கிடந்தது என்றார்கள். பஞ்சு மெத்தையும் ஃபோம் மெத்தையும் கட்டிலும் வந்த பிறகுதான் நம் பக்கத்தில் இந்தக் குப்புறப் போடும் வழக்கம் கூடியது என்பது என் எண்ணம். கணக்கெடுத்துச் சொல்லவில்லை, வார்டில் கேட்டதை வைத்துச் சொல்கிறேன்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். நீங்கள் மல்லாக்கப் போட்டு, ஆச்சி குப்புறப் போட்டு, ஆளுக்கொரு விதமாகச் செய்வதுதான் எல்லாவற்றையும்விட மோசம். மல்லாக்கப் படுத்தே பழகிய பிள்ளையைத் திடீரென்று ஒருநாள் குப்புறப் போட்டால் ஆபத்து பன்மடங்கு ஏறுகிறது. எப்போதும் மல்லாக்க உறங்கும் பிள்ளையோடு ஒப்பிட்டால் 8 மடங்குக்கு மேல் என்று ஆய்வுகள் சொல்கின்றன. வார்டுக்கு ஒரு விடியற்காலை மூன்று மாதப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்கள். கல்யாண வீட்டுக்குப் போன இடம். வீட்டில் எப்போதும் பாயில் மல்லாக்க உறங்குகிற பிள்ளை. தாய் அசதியாக இருக்கிறாளே என்று உறவில் ஒருவர் பிள்ளையை வாங்கி, இலவம்பஞ்சு மெத்தையில் குப்புறப் போட்டுத் தட்டியிருக்கிறார். கொண்டு வரும்போதே உடம்பு குளிர்ந்திருந்தது. குப்புறப் போட்டதால்தான் என்று அந்த ஒரு பிள்ளையை வைத்து நான் சொல்ல மாட்டேன், எந்த மருத்துவரும் சொல்ல மாட்டார். அந்த உறவுக்காரப் பெண்ணிடம் நாங்கள் யாரும் அப்படிச் சொல்லவும் இல்லை. ஆனால் வீட்டில் பிள்ளையைத் தொடுகிற ஒவ்வொரு கையும், ஆச்சி, அம்மா, மதினி, பக்கத்து வீட்டு அக்கா எல்லாரும், ஒரே மாதிரிப் போட வேண்டும் என்று நான் வாய் வலிக்கச் சொல்ல ஆரம்பித்தது அதன் பிறகுதான்.

எதன் மேல் போடுவது என்பதில் நமக்கு ஒரு கொடுப்பினை இருக்கிறது. பிள்ளைக்குத் தேவை கெட்டியான, சமமான, சரிவில்லாத தரை. பத்தமடையில் நெய்கிற கோரைப்பாய் வீட்டில் இருந்தால் அதற்கு மேல் ஒரு பருத்தித் துணியை இறுக்கமாக விரித்தால் போதும், அதைவிட நல்ல படுக்கை கடையில் கிடையாது. இலவம்பஞ்சு மெத்தை, கையை வைத்தால் குழிகிற ஃபோம் மெத்தை, தலையணை, பக்கத்துக்கு ஒன்றாக வைக்கிற உருட்டுத் தலையணை, மென்பொம்மை எதுவும் வேண்டாம். உருண்டு விழுந்துவிடும் என்று தலையணையை அணை கட்டுவது நம் வழக்கம். தரையில் பாயில் கிடக்கிற பிள்ளை எங்கே விழப் போகிறது? கொசுவுக்குக் குடை வலை நல்லது, பிள்ளையின் முகத்தில் படாத அளவுக்குப் பெரிதாக இருக்கட்டும். கொசுவர்த்திச் சுருள் அந்த அறையில் வேண்டாம்.

தொட்டில் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் இருக்கும் என்று தெரியும், அதனால் சொல்கிறேன். இது ஆய்வைக் காட்டிச் சொல்வதல்ல, பிள்ளையின் கழுத்தைப் பார்த்துச் சொல்வது. சேலைத் தொட்டில் ஆழமாகத் தொங்கினால் பிள்ளை வில்லாக வளைந்து, முகவாய் நெஞ்சில் போய் முட்டும். அப்படி முட்டினால் மூச்சுப்பாதை ஒடுங்கும். மூன்று மாதத்துக்குள் இருக்கிற பிள்ளைக்குத் தலையைத் தானாகத் தூக்கி அதைச் சரிசெய்யத் தெரியாது. எடை குறைந்த பிள்ளைக்கு இன்னும் கஷ்டம். தொட்டிலை அவிழ்த்து எறியுங்கள் என்று சொல்லிப் பார்த்திருக்கிறேன், ஒரு வீட்டிலும் நடக்காது. அதனால் இப்படிச் சொல்வேன்: தொட்டில் கம்பு போட்டுத் துணியை நன்றாக விரித்துக் கட்டுங்கள், முகம் வெளியே தெரியட்டும், முகவாய்க்கும் நெஞ்சுக்கும் நடுவே உங்கள் இரண்டு விரல் போக வேண்டும். பக்கத்தில் ஒருவர் முழித்து உட்கார்ந்திருக்கும்போது ஆட்டி உறங்க வைக்கலாம், உறங்கியதும் எடுத்துப் பாயில் போடுங்கள். ராத்திரிக்குத் தொட்டில் வேண்டாம். மூத்த பிள்ளைகள் அதில் ஏறிச் சுற்றி விளையாடாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும், துணி முறுக்கிக் கழுத்தில் இறுகும்.

பக்கத்தில் படுக்க வைப்பது பற்றி உலகத்தில் ஒத்த கருத்து இல்லை. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம், தாயின் அறையிலேயே, ஆனால் தனிப் படுக்கையில் என்கிறது. அறையில் கூட இருந்தாலே ஆபத்து குறைகிறது. பிரிட்டனில் கொஞ்சம் தளர்த்தி, இன்னின்ன நிலைமையில் கட்டாயம் கூடாது என்று பிரித்துச் சொல்கிறார்கள். நம் வீட்டில் தாயும் பிள்ளையும் ஒரு பாயில் படுப்பதுதான் காலங்காலமாக உள்ள வழக்கம். நான் சொல்வது: உங்கள் பாயை ஒட்டி, கை எட்டும் தூரத்தில், பிள்ளைக்கு ஒரு சின்னப் பாய். பால் கொடுத்துவிட்டு அதில் போடுங்கள். படுத்துக்கொண்டே பால் கொடுக்கும்போது நீங்கள் கண்ணயர்ந்துவிட்டால் குற்றவுணர்ச்சி வேண்டாம், முழித்ததும் நகர்த்திப் போடுங்கள். சோபாவிலோ நாற்காலியிலோ பிள்ளையை நெஞ்சில் போட்டபடி உறங்குவதுதான் மிக மோசம். குடித்திருப்பவர், பீடியோ சிகரெட்டோ பிடிப்பவர், உறக்க மாத்திரை போட்டவர் பக்கத்தில் பிள்ளை படுக்கவே கூடாது. குறைமாதத்தில் பிறந்த, இரண்டரைக் கிலோவுக்குக் குறைந்த பிள்ளைக்கும் தனிப் பாய்தான்.

புகை இங்கே இரண்டாவது பெரிய காரணம், இதிலும் சந்தேகம் கிடையாது. கர்ப்பத்தில் தாய் புகைத்தாலும், பிறந்த பிறகு பிள்ளை இருக்கும் வீட்டில் யார் புகைத்தாலும் ஆபத்து கூடுகிறது. தாத்தாவோ மாமாவோ திண்ணையில் உட்கார்ந்து பிடித்தாலும் அது உள்ளேதான் வரும். தெருவுக்குப் போய்ப் பிடித்துவிட்டு, கை முகம் கழுவி, சட்டை மாற்றிவிட்டுப் பிள்ளையைத் தூக்கட்டும். முக்கூடல், ஆலங்குளம், கடையம், மேலப்பாளையம் பக்கமெல்லாம் தாய்மார் மடியில் தட்டை வைத்துப் பீடி சுற்றிக்கொண்டே காலால் தொட்டிலை ஆட்டுவதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அந்தப் புகையிலைத் தூளிலும் நிக்கோடின் இருக்கிறது, தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் உள்ளே போகும். புகைக்குச் சொல்வது போல உறுதியாகத் தூளுக்குச் சொல்ல மாட்டேன். ஆனால் உங்கள் வீட்டிலும் அந்த வேலை இருந்தால் தட்டு ஒரு அறையில், பிள்ளை இன்னொரு அறையில் இருக்கட்டும். பால் கொடுக்கும் முன் கையை நன்றாகக் கழுவி, மேல்துணியை மாற்றிக்கொள்ளுங்கள். குளிப்பாட்டியதும் சாம்பிராணிப் புகையில் பிள்ளையைக் காட்டுவதையும் விட்டுவிடுங்கள்.

சூடும் அப்படித்தான். நம் ஊர் வெயிலில் பிள்ளைக்குக் குல்லா, கையுறை, காலுறை, மேலே ஒரு டவல் சுற்றி வைப்பதைப் பார்த்தால் எனக்கே வியர்க்கும். பிறந்த முதல் சில நாள் தவிர, வீட்டுக்குள் உறங்கும் பிள்ளைக்குக் குல்லா வேண்டாம். பிள்ளை அதிகச் சூட்டைத் தலை வழியாகத்தான் விடுகிறது, குல்லா நழுவி முகத்திலும் விழும். நீங்கள் போட்டிருப்பதைவிட ஒரு துணி கூடுதலாக இருந்தால் போதும். பிள்ளையின் பிடரியில் கை வைத்துப் பாருங்கள், வியர்த்திருந்தால் ஒன்றைக் கழற்றுங்கள். மின்விசிறி பச்சைப்பிள்ளைக்கு ஆகாது என்பார்கள். 2008இல் கலிபோர்னியாவில் வந்த ஓர் ஆய்வு, விசிறி ஓடும் அறையில் இந்த இறப்பு குறைவு என்றது. ஒரே ஒரு ஆய்வை வைத்து விசிறி காப்பாற்றும் என்று சொல்ல முடியாது. கெடுக்காது என்று தைரியமாகச் சொல்லலாம்.

தாய்ப்பால் இரண்டு மாதம் கொடுத்தாலே ஆபத்து ஏறக்குறைய பாதியாகிறது, அதை நீங்கள் செய்துகொண்டுதான் இருக்கிறீர்கள். தடுப்பூசியையும் நிறுத்தாதீர்கள். ஆறாவது, பத்தாவது, பதினான்காவது வாரத்தில் ஊசி. இந்த இறப்பும் அதே மாதங்களில்தான் அதிகம். அதனால் ஊசி போட்ட வாரத்தில் எங்காவது ஒரு பிள்ளை இறந்தால் பழி ஊசி மேல் விழுகிறது. பல நாடுகளில் ஆராய்ந்தாகிவிட்டது, ஊசி காரணம் இல்லை. ஊசி போட்ட பிள்ளைகளில் இது குறைவாகவே இருக்கிறது. ஊசி போட்ட அன்று காய்ச்சல் வந்தால் கம்பளியில் சுற்றாதீர்கள்.

கருவி வாங்க வேண்டாம். காலில் மாட்டுகிற, படுக்கைக்கு அடியில் வைக்கிற எந்தக் கருவியும் இந்த இறப்பைத் தடுத்ததாக நிரூபணம் இல்லை. அது இருக்கிறதே என்று குப்புறப் போட்டால் ஆபத்துதான் கூடும். பொய்யாக மணி அடித்து உங்கள் உறக்கத்தையும் கெடுக்கும். "ஆஸ்பத்திரியிலேயே குறைமாதப் பிள்ளையைக் குப்புறத்தான் போட்டிருந்தாங்க" என்று யாராவது சொல்வார்கள். உண்மை, நானே போட்டிருக்கிறேன். மூச்சு எளிதாக இருக்கட்டும் என்று, உடம்பில் கம்பிகளோடு, கண்ணெதிரே ஆள் நிற்கும் இடத்தில் செய்வது அது. வீட்டுக்கு அனுப்பும் முன்பு மல்லாக்கப் பழக்கித்தான் அனுப்ப வேண்டும். சில சமயம் அதைத் தாய்க்குச் சொல்ல மறந்துவிடுகிறோம், அது எங்கள் பக்கத்துக் குறை.

உங்கள் பயத்துக்கும் ஒரு அளவு சொல்கிறேன் தாயி. திடீர் சிசு மரணம் அபூர்வம். நம் ஊரில் பிள்ளைகள் இறப்பதற்குப் பெரிய காரணங்கள் குறைமாதப் பிறப்பு, எடைக்குறைவு, பிறக்கும்போது மூச்சுத் திணறல், கிருமித் தொற்று, நிமோனியா. அவற்றுக்கு முன்னடையாளம் உண்டு. பிள்ளை பால் குடிக்க மறுத்தால், துவண்டு கிடந்தால், உடம்பு சில்லிட்டாலோ கொதித்தாலோ, நெஞ்சுக்கூட்டின் அடிப்பகுதி உள்வாங்கினால், அமைதியாக இருக்கும்போதே நிமிடத்துக்கு 60 மூச்சுக்கு மேல் ஓடினால் (இரண்டு மாதம் தாண்டிய பிறகு 50), உரைமருந்து கொடுத்துப் பார்க்காமல் அப்போதே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், ராத்திரி என்றால் 108ஐக் கூப்பிடுங்கள். மூக்குக்குக் கீழே விரல் வைத்துக்கொண்டு விடிய விடிய உட்கார்ந்திருப்பதைவிட இதைத் தெரிந்து வைத்துக்கொண்டு நீங்கள் உறங்குவது பிள்ளைக்கு நல்லது. அந்த விரலால் இந்த ஆபத்தைத் தடுக்க முடியாது. மல்லாக்கப் போட்டு, பாயைக் காலியாக வைத்து, புகையைத் தள்ளி வைத்துவிட்டால் உங்கள் பங்கு முடிந்தது.

இனி அந்த வெருளல். பிறந்த பிள்ளைக்கு அது இயல்பு. நான்கு மாதம் வாக்கில் தானாகக் குறையும். பால் கொடுத்ததும் தோளில் நிமிர்த்திப் போட்டு, ஏப்பம் வந்த பிறகும் பத்துப் பதினைந்து நிமிடம் வைத்திருங்கள், கக்குவது குறையும். படுக்கப் போடும்போது முதலில் பிருஷ்டம், அப்புறம் முதுகு, கடைசியில் தலை பாயில் படட்டும். உங்கள் உள்ளங்கையை அவன் நெஞ்சின் மேல் லேசாக வைத்து, இரண்டு கையையும் கூட்டிப் பிடித்துக் கொஞ்ச நேரம் இருங்கள். மெல்லிய பருத்தித் துணியில் கைகளை மட்டும் தளர்வாகச் சுற்றுவதும் உதவும், இடுப்பும் காலும் அசைய இடம் வேண்டும். புரள முயற்சி செய்ய ஆரம்பித்த அன்றே அதை நிறுத்திவிட வேண்டும். குப்புறப் பழகிய பிள்ளை முதல் மூன்று நான்கு ராத்திரி படுத்தத்தான் செய்வான். அந்த நாட்களில் அம்மாவையும் முறை வைத்துக்கொள்ளுங்கள். ஐந்தாறு மாதத்தில் தானாகவே இரண்டு பக்கமும் புரளத் தெரிந்துவிட்டால், மல்லாக்கப் போடுங்கள், அதன் பிறகு அவன் புரண்டால் எழுந்து எழுந்து திருப்ப வேண்டாம்.

கடைசியாக ஆச்சி. மல்லாக்கவே கிடந்தால் பின்மண்டை தட்டையாகிவிடும் என்பார், அதில் உண்மை இருக்கிறது. கழுத்தும் தோளும் உரம் பெறப் பிள்ளை குப்புறக் கிடக்கத்தான் வேண்டும், ஆனால் முழித்திருக்கும்போது. அந்த வேலையை ஆச்சியிடமே கொடுத்துவிடுங்கள். காலையில் பசி ஆறி, முகம் தெளிந்து விளையாடும் நேரத்தில், பாயில் குப்புறப் போட்டு ஆச்சி எதிரே உட்கார்ந்து பேசட்டும், கிலுகிலுப்பை ஆட்டட்டும். ஒரு தடவைக்கு மூன்று நான்கு நிமிடம், சிணுங்கினால் எடுத்துவிடலாம். நாளெல்லாம் சேர்த்து இப்போது கால் மணி நேரம், போகப் போக அரை மணி நேரம். கண் சொக்க ஆரம்பித்ததும் ஆச்சி கையாலேயே மல்லாக்கத் திருப்பிப் போடட்டும்.